டாஃப்டின் நீராவிக் கார்: பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்யும் முறை

"போக்குவரத்தின் வரலாறு" என்று தலைப்புக் கொடுத்தால் போதும், மாட்டுவண்டி, சைக்கிள், பஸ், ராக்கெட் என்று தெர்மாகோலில் நான்கு பொம்மைகள் மேசையில் வந்து உட்கார்ந்துவிடும். நடுவர் பத்து நொடியில் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். ஒரே ஒரு காரை எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்தது, யார் வாங்கினார், அதனால் என்ன மாறியது என்று காட்டினால் அவரைப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கலாம்.

அமெரிக்காவின் 27-ஆவது அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் காலத்தில், 1909-இல், வெள்ளை மாளிகைக்கு வந்த நீராவிக் கார்தான் இங்கே நாம் செய்யப்போகும் மாதிரி. பொத்தானை அழுத்தினால் அடியிலிருந்து புகைபோல 'ஆவி' கிளம்பும். பக்கத்தில் கொதிகலனின் உள்ளமைப்பு இருக்கும். இன்னொரு பக்கம் பாதி குதிரை லாயம், பாதி கார் கொட்டகையாக ஒரு சிறு கட்டடம். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள நான்கைந்து பேர், ஒரு ஆசிரியர் துணையோடு, மூன்று சனி ஞாயிறுகளில் முடித்துவிடலாம். காலாண்டு விடுமுறையில் தொடங்கினால் இன்னும் நிதானமாகச் செய்யலாம்.

விஷயத்தை முதலில் சரியாகப் பிடியுங்கள்

ரம்பத்தைத் தொடுவதற்கு முன் பிள்ளைகள் மனதில் பதிய வேண்டியது: டாஃப்ட் காரைக் கண்டுபிடித்தவர் அல்ல, காரில் ஏறிய முதல் அதிபரும் அல்ல. 1899-இலேயே அப்போதைய அதிபர் மெக்கின்லி ஒரு ஸ்டான்லி நீராவிக் காரில் ஏறிப் பார்த்துவிட்டார். 1902 ஆகஸ்ட் 22 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரில் தியோடர் ரூஸ்வெல்ட் மின்சார வண்டியில் ஊர்வலம் போனார். அது பொதுமக்கள் முன்னால் நடந்தது. ஆனால் ரூஸ்வெல்ட்டுக்குக் குதிரைதான் பிடிக்கும். அவர் பதவியில் இருந்தவரை மாளிகையின் சொந்த வாகனம் குதிரை வண்டியே.

டாஃப்ட் 1909 மார்ச் 4 அன்று பதவியேற்றார். அரசுப் பணத்தில் கார் வாங்க நாடாளுமன்றம் 12,000 டாலர் ஒதுக்கியது. ஒயிட் நீராவிக் கார் ஒன்று, பியர்ஸ்-ஆரோ பெட்ரோல் கார் இரண்டு, பேக்கர் மின்சாரக் கார் ஒன்று என்று நான்கு வண்டிகள் வந்தன. குதிரை லாயம் கராஜாக மாறியது. நம் காட்சி நிற்க வேண்டிய இடம் இதுதான். ஒரு அதிபர் காரில் ஏறிப் பார்ப்பது வேடிக்கை. அரசு கணக்குப் புத்தகத்தில் குதிரைத் தீனிக்குப் பக்கத்தில் எரிபொருள் செலவு ஏறினால் அது நிர்வாக முடிவு. டாஃப்ட் செய்தது இந்த இரண்டாவது. ஆகவே காரைவிட லாயம்தான் இந்தக் காட்சியின் உயிர் என்று நாங்கள் நினைக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் காருக்கே எல்லா நேரத்தையும் செலவழித்துவிட்டு லாயத்தைக் கடைசி இரவில் அட்டைப் பெட்டியில் ஒட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு குழப்பம் கட்டாயம் வரும். "ஒயிட் ஹவுஸ் வாங்கியதால் ஒயிட் கார்" என்று எழுதிவிடுவார்கள். அப்படி அல்ல. ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் தாமஸ் ஒயிட் என்பவர் நடத்திய தையல் மெஷின் கம்பெனியிலிருந்து பிறந்த கார் அது. அவர் மகன் ரோலின் ஒயிட்தான் கொதிகலனை வடிவமைத்தார். தையல் மெஷின் கம்பெனி ஒன்று அமெரிக்க அதிபருக்குக் கார் செய்து கொடுத்தது என்று ஒரு வரி சொல்லுங்கள், கூட்டம் நிமிர்ந்து பார்க்கும்.

கார்: அளவும் பொருளும்

அசல் காரைப் போல ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவு போதும். நீளம் ஒரு மீட்டருக்குள் நிற்கும், இரண்டு டெஸ்க்கைச் சேர்த்துப் போட்டால் வைக்கலாம். இந்த அளவுகளை மாற்றாதீர்கள்:

சக்கர விட்டம் டயரோடு 20 செ.மீ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 68 செ.மீ. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 31 செ.மீ. அடிச்சட்டம் 90 செ.மீ நீளம்.

அந்தக் காலக் காருக்குச் சக்கரம் பெரியது, உடல் ஒல்லி, தரையிலிருந்து உயரம் அதிகம். பிள்ளைகள் கண்ணுக்குப் பழகியது இன்றைய கார் என்பதால் சக்கரத்தைச் சின்னதாக்கி உடலைத் தாழ்த்திவிடுவார்கள். பிறகு எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அது ஜீப் போலவே இருக்கும்.

வாங்க வேண்டியவை: 3 × 2 செ.மீ ரீப்பர் கட்டை 90 செ.மீ நீளத்தில் இரண்டு, குறுக்குக் கட்டைக்கு 16 செ.மீ-யில் மூன்று, 4 மி.மீ பிளைவுட் 4 அடிக்கு 2 அடி ஒரு துண்டு, 8 மி.மீ த்ரெட் ராடு 38 செ.மீ நீளத்தில் இரண்டு, அதற்கு நட்டு பதினாறு, வாஷர் பதினாறு, ஐஸ்கிரீம் குச்சி 60, பத்து மி.மீ தடிமனில் பருத்திக் கயிறு 3 மீட்டர். பெவிகால் அரைக் கிலோ. பிரைமர், கரும்பச்சை எனாமல், கொஞ்சம் கறுப்பு, வெளிர்ச் சாம்பல். பிளைவுட்டையும் ரீப்பரையும் மரக்கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவிடுங்கள். வளைந்த வெட்டு மட்டும் பள்ளியில்.

சக்கரம்தான் நேரம் தின்னும்

அந்தக் காலச் சக்கரம் கம்பி ஆரம் போட்டது அல்ல, மர ஆரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பன்னிரண்டு ஆரம் வையுங்கள். பிளைவுட்டில் வெளிவிட்டம் 18 செ.மீ, உள்விட்டம் 14.5 செ.மீ உள்ள வளையம் இரண்டு, 4.5 செ.மீ விட்டத்தில் குடத்துக்கு (சக்கரத்தின் நடுப்பகுதிக்கு) வட்டம் இரண்டு வெட்டுங்கள். ஒரு வளையத்தையும் நடு வட்டத்தையும் தாளில் வரைந்த வட்டத்தின் மேல் வைத்து, 30 பாகைக்கு ஒன்றாகக் கோடு போட்டு, குச்சிகளை அடுக்கி ஒட்டுங்கள். குச்சியை 7.3 செ.மீ-க்கு வெட்டி, உள்முனையை 6 மி.மீ அகலத்துக்குச் சீவ வேண்டும். சீவாமல் வைத்தால் பன்னிரண்டு குச்சியும் நடுவில் இடித்துக்கொள்ளும், பதினொன்றோடு நின்றுவிடுவீர்கள். மேலே இன்னொரு வளையமும் வட்டமும் ஒட்டி, நாலு கனமான புத்தகத்தை ஏற்றி ஒரு இரவு விடுங்கள்.

நடுவில் 8 மி.மீ துளை. ஒட்டுவதற்கு முன் தனித்தனி வட்டத்தில் துளை போடாதீர்கள். ஒட்டும்போது ஒரு மி.மீ நகர்ந்தாலும் சக்கரம் ஆடும். ஒட்டிக் காய்ந்தபின் ஒரே தடவையில் டிரில் போடுங்கள்.

டயர் எந்த நிறம்? கறுப்பு என்று சொல்லுகிற கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பரில் கார்பன் கறுப்பைச் சேர்ப்பது பரவலானது அதற்குப் பிறகுதான். 1909-இல் டயர் வெளிர் நிறமாக, சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. பருத்திக் கயிற்றைப் பெவிகாலில் நனைத்து வளையத்தின் வெளி ஓரத்தில் சுற்றி (ஒன்றுக்கு 62 செ.மீ வெட்டி, காய்ந்ததும் மிச்சத்தை நறுக்கி), பட்டி பூசித் தேய்த்து, வெளிர்ச் சாம்பல் அடித்தால் அசலை ஒட்டி வந்துவிடும். வந்து கேட்பவர்கள் எல்லாருமே "டயர் ஏன் வெள்ளை?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், அதற்குத்தான்.

அடிச்சட்டமும் உடலும்

ரீப்பர் இரண்டையும் 16 செ.மீ இடைவெளியில், முன், நடு, பின் என்று மூன்று குறுக்குக் கட்டையோடு திருகுங்கள். ஆணி வேண்டாம், காரைத் தூக்கும்போது ஆணி தளர்ந்துவிடும். அச்சுக்கம்பியைச் சட்டத்துக்கு அடியில் கிளாம்ப் வைத்துப் பிடிக்க வேண்டும். சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவில் பழைய ஹேக்ஸா பிளேடு மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக, கீழே போகப் போக நீளம் குறையும்படி வைத்தால் பட்டை ஸ்பிரிங் தயார். பல்லைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

உடல் மூன்று பகுதி. முன்னால் பானெட் 22 செ.மீ நீளம், 13 அகலம், 13 உயரம். அதன் முகத்தில் கம்பி வலை. ரேடியேட்டர் மாதிரி தெரிந்தாலும் இங்கே அது கண்டென்சர். இன்ஜினிலிருந்து வெளிவந்த ஆவியை மறுபடி தண்ணீராக்கித் தொட்டிக்கு அனுப்பும் பகுதி. நடுவில் முன்சீட்டு. பின்னால் அகலமான இருக்கை, அதற்கு முன் இரண்டு மடக்கு நாற்காலி. ஏழு பேர் அமரும் திறந்த கார் அது. டாஃப்ட் 300 பவுண்டுக்கு மேல், அதாவது 136 கிலோவைத் தாண்டிய ஆள். பின்சீட்டைத் தாராளமாக அகலம் வையுங்கள். ஆனால் உடல் பருமனைக் கேலி செய்யும் பொம்மை வேண்டாம், அவர் குளியல் தொட்டியில் மாட்டிக்கொண்டார் என்ற கதையையும் தட்டியில் எழுத வேண்டாம்.

ஸ்டியரிங் வலப்பக்கம். அமெரிக்கா என்றதும் இடப்பக்கம் வைத்துவிடுவார்கள். அந்த ஆண்டுகளில் அங்கேயும் பெரிய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். இடப்பக்கத்தை வழக்கமாக்கியதில் ஃபோர்டு மாடல் டி-க்குப் பெரிய பங்கு உண்டு.

மடக்கு ஹூடுக்குக் கறுப்பு கேன்வாஸ் ஒன்றரை மீட்டர் வாங்கி, மதுரைப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையற்காரர்களில் ஒருவரிடம் கொடுங்கள். கோயில் குடைக்கும் தேர்ச்சீலைக்கும் தைத்த கைகள், ஒரு தாளில் அளவு எழுதிக் கொடுத்தால் போதும். கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு அவருடைய மெஷினைப் படம் எடுத்து, மேலே சொன்ன ஒயிட் தையல் மெஷின் கதைக்குப் பக்கத்தில் ஒட்டலாம். இது போன்ற இணைப்புகள் வலிந்து தேடினால் கிடைக்காது, கிடைத்தால் விடக்கூடாது.

விளக்குகளுக்குப் பாத்திரக் கடையில் மிகச் சிறிய பித்தளைக் கிண்ணம் இரண்டு. தங்கநிற ஸ்பிரேயைவிடப் பித்தளை எப்போதும் நன்றாக இருக்கும்.

பெயின்ட்: பிளைவுட்டின் வெட்டுமுனை பெயின்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் தண்ணீரில் கரைத்த பெவிகாலை முனைகளில் தடவி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, பிறகு பிரைமர். எங்கேயாவது தெர்மாகோல் வைத்திருந்தால் எனாமலும் தின்னரும் அதைத் தின்றுவிடும், அங்கே தண்ணீர் பெயின்ட் மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் எனாமல் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். முதல் பூச்சு பிசுபிசுக்கும்போதே இரண்டாவது அடித்தால் சுருங்கிவிடும், அப்புறம் சுரண்டி எடுப்பதுதான் வழி. கதவில் அமெரிக்க அரசுச் சின்னத்தை அச்சிட்டு ஒட்டுங்கள். அசல் காரின் கதவிலும் அது உண்டு. அந்தக் கார் இன்றும் மாசசூசெட்ஸ் மாநிலம் சாண்ட்விச் ஊரின் ஹெரிட்டேஜ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. படத்தைப் பார்த்துச் சின்னத்தின் இடத்தையும் பச்சையின் அழுத்தத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவி: நிஜ ஆவி கூடவே கூடாது

பிரஷர் குக்கரின் விசில் இருக்கும் இடத்தில் ஹோஸ் மாட்டி ஆவி காட்டலாம் என்று யாராவது ஒரு மாமா யோசனை சொல்வார். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள். குழாய் அடைத்தாலோ கழன்றாலோ முதலில் வேகிறது பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கை. நமக்குத் தேவை குளிர்ந்த நீர்ப்பனி.

24 வோல்ட் மிஸ்ட் மேக்கர் (தண்ணீரைச் சூடாக்காமல் பனியாக்கும் சின்னக் கருவி) ஒன்று, அதற்குரிய அடாப்டர், 40 மி.மீ அளவுள்ள 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்று, அதற்குத் தனி 12 வோல்ட் அடாப்டர், காலிங் பெல் சுவிட்ச் ஒன்று. ஆன்லைனில் வாங்குவதானால் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள், பழுதானது வந்தால் மாற்ற நேரம் வேண்டும்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளளவு 15 × 10 செ.மீ, உயரம் 12-க்குக் குறையக் கூடாது. இது முன்சீட்டுக்கு அடியில் உட்கார வேண்டும். அசல் காரிலும் கொதிகலன் இருந்தது முன்சீட்டுக்கு அடியில்தான், ஆகவே நடுவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தாலும் கவலை இல்லை. மிஸ்ட் மேக்கரை அடியில் வைத்து, அதன் தட்டுக்கு மேல் இரண்டரை செ.மீ நிற்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். மொத்தம் முக்கால் லிட்டர் பிடிக்கும். தண்ணீர் அதிகமானால் பனி வராது, மேற்பரப்பு லேசாகக் கொப்பளிக்கும், அவ்வளவுதான். குறைந்தால் தண்ணீர் உணரும் முள் தானாக நிறுத்திவிடும். முதல் நாள் "ரிப்பேர்" என்று வரும் புகாரில் பாதிக்கு மேல் இந்த நீர்மட்டம்தான் காரணம்.

மூடியில் துளை போட்டு, 4 செ.மீ உயரத்துக்கு ஒரு பைப் துண்டை நிறுத்தி, அதன் தலையில் ஃபேனை உள்ளே ஊதும்படி ஒட்டுங்கள். வெளியே இழுக்கும்படி வைத்தால் பனி முழுவதும் ஃபேன் வழியாகப் போய், ஒரு மணி நேரத்தில் ஃபேன் செத்துவிடும். டப்பாவின் பக்கத்தில், மூடிக்கு ஒரு செ.மீ கீழே, 25 மி.மீ வயரிங் பைப்பைச் செருகி, சட்டத்துக்கு அடியில் வெளிவரச் செய்யுங்கள். நீளம் 40 செ.மீ-க்குள். பைப் டப்பாவிலிருந்து முதலில் கொஞ்சம் மேலேறிப் பிறகு இறங்கட்டும். அப்போதுதான் பைப்புக்குள் படியும் நீரில் பெரும்பகுதி டப்பாவுக்கே திரும்பும். தட்டையாகப் போட்டால் நடுவில் தண்ணீர் தேங்கி, 'களக் களக்' என்று சத்தம்தான் வரும், பனி வராது. மிஸ்ட் மேக்கர் துளிகளை மேலே தெறிக்கும். அது நேராகப் பைப் வாயில் விழாமல் இருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வையுங்கள்.

மிஸ்ட் மேக்கர் தொடர்ந்து ஓடட்டும். பெல் சுவிட்சை ஃபேனுக்கு மட்டும் கொடுங்கள். டப்பாவுக்குள் பனி சேர்ந்து நிற்கும், அழுத்திய நொடியில் மொத்தமாகப் பாயும். சுவிட்சை மிஸ்ட் மேக்கருக்குக் கொடுத்தால், அழுத்தியபின் நாலு நொடி எல்லாரும் காரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்குத் தனி எச்சரிக்கை. மதுரையில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் மிஸ்ட் மேக்கரின் தட்டில் வெள்ளைப் பொருக்குக் கட்டும், பச்சைக் காரின் மேல் திருநீறு தூவியது போலப் படியும். ஆர்.ஓ. தண்ணீர், அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்துங்கள். அடாப்டர் இரண்டும் மேசைக்குக் கீழே, தண்ணீர் வழியாத பக்கம். காருக்குள் போகும் ஒயர் 24 வோல்ட்டுக்கு மேல் எதுவும் கூடாது.

நடுவரிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: இந்தப் பனி கனமாகத் தரையோடு படரும், நிஜ ஆவி மேலே எழும். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் மதிப்பெண் கூடும், கேட்டபின் சொன்னால் குறையும்.

கொதிகலன்: இட்லிக் கொப்பரை அல்ல

கார் மேசையை அழகாக்கும், பரிசு வாங்கித் தருவது இந்தப் பகுதி.

நமக்குத் தெரிந்த கொதிகலன் எல்லாம் இட்லிக் கொப்பரை வகை. கீழே தண்ணீர், மேலே ஆவி. ஒயிட் கொதிகலன் தலைகீழ். பானையே கிடையாது, நீண்ட எஃகுக் குழாய் மட்டும், தட்டையான சுருள்களாக ஒன்றின்மேல் ஒன்றாக. எரிகலன் அடியில். தண்ணீரைப் பம்ப் மேல் சுருளில் தள்ளுகிறது. அது ஒவ்வொரு சுருளாகக் கீழே இறங்கி, நெருப்புக்கு மிக அருகிலுள்ள கடைசிச் சுருளிலிருந்து சூடேறிய உலர் ஆவியாக இன்ஜினுக்குப் போகிறது. வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அளவில்.

மேலே ஊற்றிய தண்ணீர் தானே சரிந்து நெருப்பின் மேல் வந்துவிடாதா? நல்ல மாணவர் இதைக் கேட்பார். அதற்கும் வழி செய்திருக்கிறார் ரோலின் ஒயிட். ஒவ்வொரு சுருளின் முடிவிலும் குழாய் நேராக அடுத்த சுருளுக்கு இறங்காது. எல்லாச் சுருளுக்கும் மேலே ஏறி, வளைந்து, அதன்பிறகே கீழிறங்கும். ஆகவே பம்ப் தள்ளினால் ஒழியத் தண்ணீர் அடுத்த சுருளுக்குப் போகாது. எந்த நேரத்திலும் உள்ளே இருக்கும் தண்ணீர் மிகக் குறைவு. குழாய் வெடித்தாலும் பெரிய பானை வெடித்தது போலச் சேதம் வராது. பயணிகள் உட்காரும் சீட்டுக்கு அடியில் 600 பவுண்டு அழுத்தத்தை வைக்கத் துணிந்தது இதனால்தான்.

இதைக் காட்ட 3 மி.மீ அலுமினியக் கம்பி 7 மீட்டர் போதும். 14 செ.மீ விட்டத்தில், ஐந்து சுற்றுள்ள தட்டைச் சுருள் நான்கு செய்யுங்கள். ஒன்றுக்கு 1.4 மீட்டர் பிடிக்கும். அசலில் சுருள் இன்னும் அதிகம். ஒன்றுக்கொன்று 4 செ.மீ இடைவெளியில் நான்கு குச்சிக் கால்களில் கட்டி, மிச்சக் கம்பியில் மேலேறி இறங்கும் இணைப்புகளை வளையுங்கள். மேல் சுருள் நீலம், அடுத்தது வெளிர்நீலம், மூன்றாவது ஆரஞ்சு, கடைசி சிவப்பு. அடியில் பழைய காஸ் அடுப்பின் பர்னர் தட்டு. பெயின்ட் அடிக்கும் பிள்ளை பழக்கத்தில் மேலே சிவப்பு அடித்துவிடும், முதலிலேயே தாளில் வண்ணம் தீட்டிக் காட்டிவிடுங்கள். இணைப்பை நேராகக் கீழே வளைத்துவிட்டால் முழு விளக்கமும் போய்விடும், அதையும் ஆசிரியர் ஒருமுறை விரலால் தடவிச் சரிபார்க்க வேண்டும்.

லாயம்

40 × 30 செ.மீ, உயரம் 25, முன்பக்கம் திறந்த பெட்டி. நடுவில் தடுப்பு. இடப்பக்கம் வைக்கோல், தொட்டி, சேணம், குதிரை. வலப்பக்கம் சிமெண்டுத் தரை, எண்ணெய்க் கறை, எரிபொருள் டின், சுவரில் ஸ்பேனர். குதிரைகளுக்கு மதுரைப் பக்கம் விளாச்சேரியில் சின்ன மண்பொம்மை கிடைக்கும். பிளாஸ்டிக் குதிரையைவிட இதன் கழுத்துக்கு ஒரு மிடுக்கு உண்டு.

கூடவே ஒரு பசுவும் வாங்குங்கள். கறுப்பு வெள்ளைத் திட்டு அடித்து, கட்டடத்துக்கு வெளியே புல்லில் விடுங்கள். பாலின் வெய்ன் என்ற அந்த ஹோல்ஸ்டீன் பசு 1910 முதல் 1913 வரை டாஃப்ட் குடும்பத்துக்குப் பால் கொடுத்து வெள்ளை மாளிகைப் புல்வெளியில் மேய்ந்தது. நான்கு கார் இருக்கும் வீட்டு வாசலில் பசு மேய்வது நம்மூர்க்காரருக்குப் புதிதல்ல. ஆனால் அமெரிக்க அதிபர் வீட்டிலா என்று கேட்டு நிற்பார்கள். ஒரு காலம் இன்னொன்றுக்குள் நுழைகிற நேரம் இப்படித்தான் இருக்கும் என்று விளக்க இதைவிட எளிய பொருள் கிடைக்காது.

தட்டிகள்

நான்கு போதும், ஒவ்வொன்றிலும் அறுபது சொல்லுக்கு மேல் வேண்டாம்.

முதல் தட்டி காலவரிசை: 1899 மெக்கின்லி, 1902 ரூஸ்வெல்ட், 1909 டாஃப்ட். 1916 ஜூலை 11 அன்று உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட சாலைச் சட்டம், மாநிலச் சாலைகளுக்கு ஐந்தாண்டில் 7.5 கோடி டாலர். 1921-இல் பதவியேற்புக்கே காரில் போன ஹார்டிங், வண்டி பேக்கார்டு. வில்சனைப் பற்றி ஒரு சுவை: 1906-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது, பணக்காரர்களின் கார் ஆடம்பரம் நாட்டில் சோஷலிச உணர்வைத் தூண்டுகிறது என்று குறைபட்டவர் அவர். அதிபரானபின் பியர்ஸ்-ஆரோவில் சுற்றுவதே அவருக்குப் பொழுதுபோக்கு.

இரண்டாவது விலை. டாஃப்டின் கார் வகையான ஒயிட் மாடல் எம் சுமார் 4,000 டாலர். 1908 அக்டோபரில் வந்த ஃபோர்டு மாடல் டி 850 டாலர். இரண்டு பட்டைகளாக வரைந்தாலே போதும், விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது, நீராவி ஏன் தோற்றது. ஒயிட் கம்பெனியே 1910-இல் பெட்ரோல் காருக்கு மாறத் தொடங்கி, சீக்கிரமே நீராவியைக் கைவிட்டது. 1912 கேடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும், பெட்ரோல் காரின் பெரிய குறையான கைப்பிடி சுற்றும் வேலையும் போனது. அதிபர் வாங்கியதால் ஒரு தொழில்நுட்பம் பிழைத்துவிடாது என்பதற்கு இந்தக் கார் நல்ல சான்று. காருக்கு டாஃப்டால் மரியாதை கிடைத்தது, நீராவிக்குக் கிடைக்கவில்லை.

நான்காவது மதுரை. டாஃப்ட் பதவியில் இருந்த அதே ஆண்டுகளில், 1911-இல், டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு டி.வி.எஸ். என்று வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியிலிருந்து எரிவாயு எடுத்து வண்டி ஓட்டும் 'கேஸ் பிளான்ட்'டை டி.வி.எஸ். செய்தது. வாஷிங்டனில் நீராவி, மின்சாரம், பெட்ரோல் மூன்றும் ஒரே கொட்டகையில் நின்றன. மதுரையில் கரியாலும் வண்டி ஓடியது. கார் என்றால் பெட்ரோல் என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிடவில்லை என்பதை இந்தத் தட்டி காட்டும். இன்று மின்சார ஸ்கூட்டரில் வந்து இறங்கும் பெற்றோருக்கு இது உடனே புரியும்.

பேசும் வரிசை

இரண்டு நிமிடம். லாயத்தில் தொடங்குங்கள், பிறகு 12,000 டாலர், அடுத்து சுருள், கடைசியில் பெல். முதலிலேயே பெல்லை அழுத்தினால் புகையைப் பார்த்துவிட்டுக் கூட்டம் கலைந்துவிடும். அழுத்தும்போது சொல்ல வேண்டிய வரி: "போட்டோக்காரர்கள் நெருங்கி வந்தால், ஆவியை விடச் சொல்லி அதற்குள் மறைந்துகொள்வது டாஃப்டுக்குப் பிடிக்கும்." இது வெள்ளை மாளிகை வரலாற்றில் வழங்கும் செய்தி, பிள்ளைகள் கட்டிய கதை அல்ல. போன் நீட்டிக்கொண்டு நிற்பவர் முகத்தில் பனி அடிக்கும்படி காரைத் திருப்பி வைத்தால் இன்னும் நல்லது.

பெல் அருகில் ஒரு பிள்ளை எப்போதும் நிற்க வேண்டும். சின்ன வகுப்புக் குழந்தைகள் விடாமல் அழுத்தினால் டப்பாவில் பனி சேர நேரம் கிடைக்காது, வெறும் காற்றுதான் வரும். மணிக்கு ஒருமுறை நீர்மட்டம் பாருங்கள்.

கொண்டுபோவது

ஆட்டோவில் காரை மடியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், பித்தளை விளக்கு உடலைக் கீறும். சின்ன லோடு வண்டியில், தரையில் பழைய போர்வை விரித்து, சக்கரங்களை இரண்டு பக்கமும் ரீப்பர் துண்டால் அணை கொடுங்கள். சுருளையும் மண்பொம்மைகளையும் தனித்தனி அட்டைப் பெட்டியில் வைக்கோலோடு வையுங்கள். லாயத்துக்கு வாங்கிய வைக்கோல் மிச்சம் இருக்கும். தண்ணீரை வண்டியில் ஏற்றும் முன்பே கொட்டிவிட வேண்டும். அலுங்கலில் ஃபேனுக்குள் ஏறினால் மேடையில் போய்த்தான் தெரியும். மாற்று ஃபேன் ஒன்று, மிஸ்ட் மேக்கரின் மாற்றுத் தட்டு ஒன்று, இரண்டு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், பெவிகால், எக்ஸ்டென்ஷன் போர்டு ஆகியவை ஒரே பையில்.

கண்காட்சி முடிந்த மாலையே மிஸ்ட் மேக்கரை எடுத்து, பஞ்சால் துடைத்து, காயவைத்து உறையில் போடுங்கள். தண்ணீரோடு டப்பாவிலேயே விட்டால் அடுத்த ஆண்டுக்கு அது வேலைக்கு ஆகாது.